பேய்க்கதைக்குள் ஒரு தாயின் கேள்வி

எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலைத் திறந்தால் கல்லறைகள் தெரியும். குவீன்ஸ்டவுனில் ஹாலந்து குளோஸ் பக்கம் வசிப்பவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. வீவக புளோக்குகளுக்கு நடுவே, ஒரே அளவிலான சின்னஞ்சிறு கற்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஹக்கா சமூகத்தினர் 1887ஆம் ஆண்டு அமைத்த இடுகாடு அது. 1960களில் வீடமைப்புக்காக அரசாங்கம் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டபோது, அடக்கம் செய்யப்பட்டவர்களின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டு, மிஞ்சிய ஏறத்தாழ நாலரை ஏக்கரில் மீண்டும் வைக்கப்பட்டன. அதனால்தான் அந்தக் கற்கள் அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன.

பிறந்ததிலிருந்து பார்த்துவரும் காட்சி என்பதால் எனக்கு அதில் பயம் இருந்ததில்லை. என் தம்பிக்கும் இல்லை. ஆனால் சென்ற ஆண்டு எங்கள் தாத்தா இறந்த பிறகு அவன் மாறிப்போனான். இரவில் தண்ணீர் குடிக்கக்கூடத் தனியாகச் சமையலறைக்குப் போகமாட்டான். “அக்கா, நீ முன்னாடி போ” என்பான். தொடக்கநிலை 4ல் படிக்கும் பையன். பேய்ப் படங்கள் பார்த்துக் கெட்டுப்போய்விட்டான் என்று அம்மா திட்டினார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் பயம் எதைப் பற்றியது என்று எனக்குப் புரிய வைத்தது, பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு தமிழ்க் காப்பியத்தின் ஓர் அத்தியாயம். ஆனால் அதற்கு முன் நான் சொதப்பிய ஒரு கட்டுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பட்டியல் போட்ட கட்டுரை

உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில இலக்கியம் எடுத்த நண்பர்களுக்கு இந்த வகைக் கேள்வி பழக்கமானது: ஒரு நாவலின் ஒரே ஓர் அத்தியாயத்தைக் கொடுத்து, அது முழு நாவலின் கருப்பொருள்களை எப்படிக் காட்டுகிறது என்று கேட்பார்கள். எங்களுக்கு வந்தது சூசன் ஹில் 1983ல் எழுதிய ‘தி வுமன் இன் பிளாக்’. சதுப்பு நிலத்தின் நடுவே ஒரு தனி வீடு; கடல் ஏறினால் வெளியுலகோடு தொடர்பு அறுந்துவிடும். அங்கே இறந்துபோன ஒருவரின் காகிதங்களைச் சரிபார்க்கப் போகும் இளம் வழக்கறிஞர். கறுப்பு உடையில் வந்து நிற்கும் ஒரு பெண்.

அந்த வீட்டின் குழந்தையறை இடம்பெறும் ஒரு பகுதியைப் பற்றி எழுத வேண்டும். நான் எழுதினேன்: மூடுபனி இருக்கிறது, இருட்டு இருக்கிறது, பூட்டிய கதவு இருக்கிறது, காரணம் தெரியாத ஓசை இருக்கிறது, ஆகவே இது ‘கோதிக்’ கதை. இரண்டு பக்கம். மிகவும் நன்றாக எழுதிவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

தாள் திரும்பி வந்தபோது ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்ததன் பொருள் இதுதான்: “அறையில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டாய். அங்கே யார் அழுதார்கள் என்று சொல்லவில்லையே?”

மதிப்பெண்ணைவிட அந்தக் குறிப்புதான் உறுத்தியது. அப்போது எனக்கு அது விளங்கவும் இல்லை.

‘கோதிக்’ கதைகளின் வரலாறு ஓரளவு தெரிந்ததுதான். 1764ல் ஹோரஸ் வால்போல் எழுதிய ‘தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ’விலிருந்து அது தொடங்குவதாகச் சொல்வார்கள். பாழடைந்த கோட்டை, பழைய பாவம், இறந்தும் அடங்காதவர்கள், கதைக்குள் கதை சொல்லும் ஒருவர். இவை எல்லாம் ஐரோப்பியச் சரக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஆறாவது காதை

தாத்தா நிறையப் படிப்பவர். அவர் போன பிறகு, அவர் அடிக்கடி பேசும் மணிமேகலையை ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. விக்டோரியா ஸ்திரீட் நூலகத்திலிருந்து உரையோடு கூடிய பதிப்பை இரவல் வாங்கினேன். படித்தது பெரும்பாலும் மார்கரெட் டிரைவில் இருக்கும் குவீன்ஸ்டவுன் நூலகத்தில். 1970ல் திறக்கப்பட்ட அதுதான் நாட்டின் முதல் முழுநேரக் கிளை நூலகம். தாத்தா இளவயதில் செய்தித்தாள் படிக்கப் போன இடமும் அதுவே.

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் 30 காதைகள் உள்ளன. அமுதசுரபி பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். ஆறாவது காதையைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. அதன் பெயர் ‘சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை’.

கதைச் சூழல் இதுதான். புகார் நகரில் இந்திர விழா. பூப்பறிக்க உவவனம் என்ற சோலைக்கு வந்த மணிமேகலையை அரசகுமாரன் உதயகுமாரன் துரத்தி வருகிறான். அவள் பளிங்கு மண்டபத்துக்குள் ஒளிந்து தப்புகிறாள். ஆனால் அவன் மறுபடி வருவான். இரவாகிவிட்டது, நிலவு எழுந்துவிட்டது. மணிமேகலையும் தோழி சுதமதியும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். அப்போது மணிமேகலா தெய்வம் அந்த ஊர்ப் பெண்போல உருமாறி வந்து, “மேற்குப் பக்கம் போனால் சக்கரவாளக் கோட்டம் இருக்கிறது, அங்கே போய்விடுங்கள்” என்று யோசனை சொல்கிறது.

சுதமதி விழிக்கிறாள். ஊரில் எல்லாரும் அதைச் சுடுகாட்டுக் கோட்டம் என்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் வேறு பெயர் சொல்கிறீர்கள் என்று கேட்கிறாள். அதற்குப் பதிலாக வருவதுதான் அந்தப் பேய்க்கதை.

நள்ளிரவு, பயந்துபோன இரண்டு பெண்கள், தான் யாரென்று சொல்லாத ஒருவர், அவர் வாயிலாக ஒரு சுடுகாட்டுக் கதை. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கதைக்குள் கதை என்ற அந்த உத்தி இங்கே அப்படியே இருக்கிறது.

நான்கு வாசல், ஒரு நகரம்

சாத்தனார் முதலில் இடத்தைக் காட்டுகிறார். நகரம் தோன்றிய அன்றே தோன்றியது அந்தச் சுடுகாடு. சுற்றிலும் மதில், நான்கு வாசல்கள். ஒரு வாசலில் நெல், கரும்பு, நீர்நிலை, சோலை என்று அழகிய ஓவியங்கள். இன்னொன்றில் ஓவியமே இல்லை. வெறும் வெள்ளைச் சுண்ணச் சாந்து. வேறொன்றில் உதட்டைக் கடித்து, கண்ணை உருட்டி, கையில் பாசக்கயிறும் சூலமும் பிடித்த ஓர் உருவம்.

உள்ளே காளி கோயில். அதைச் சுற்றியுள்ள மரங்களில், நேர்ந்துகொண்டு தலையைக் கொடுத்தவர்களின் தலைகள் தொங்குகின்றன. முனிவர்களுக்கும் அரசர்களுக்கும் எழுப்பிய நினைவுக் கட்டடங்கள், சிறியதும் பெரியதுமாக. எரிப்பவர்கள், வெறுமனே இட்டுவிட்டுப் போகிறவர்கள், குழி தோண்டிப் புதைப்பவர்கள், தாழியில் வைத்துக் கவிழ்ப்பவர்கள் என்று பல வழக்கங்களைப் பின்பற்றும் மக்கள் அங்கே வருகிறார்கள். சாவுப்பறை, அழுகை, நரியின் ஊளை, ஆந்தையின் குரல் எல்லாம் ஒன்றாகக் கேட்கின்றன.

இந்தப் பகுதியைப் படிக்கும்போது எங்கள் சன்னலை நினைத்துக்கொண்டேன். சிங்கப்பூரிலும் நகரமும் இடுகாடும் சேர்ந்தே வளர்ந்தவைதான். பீஷான், பிடாடரி, ஆர்ச்சர்ட் ரோட்டில் நீ ஆன் சிட்டி இருக்கும் இடம் எல்லாமே ஒரு காலத்தில் இடுகாடுகள். இடம் போதாத ஊர் என்பதால், 1998லிருந்து புதைகுழிக்கே 15 ஆண்டுதான் தவணை. நம் ஊரின் நிலத்துக்குக் கீழேயும் ஒரு பழைய கதை இருக்கிறது.

ஆனால் சாத்தனார் வெறும் பயங்கரத்துக்காக இதையெல்லாம் அடுக்கவில்லை. தவசி, செல்வர், பிள்ளை பெற்ற இளம்பெண், குழந்தை, முதியவர் என்று எமன் பார்ப்பதில்லை. இதைக் கண்ணெதிரே கண்டும் மனிதர்கள் நல்லது செய்யாமல் மயங்கி வாழ்கிறார்களே என்று வருந்துகிறார். அங்கேயே எனக்கு முதல் பாடம் கிடைத்தது. பேய்க்கதையில் இடம் என்பது பின்னணி ஓவியமன்று. கதை எதைப் பற்றியது என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

சார்ங்கலன் கண்டது

அந்தச் சுடுகாட்டு வழியாகத் தனியே வருகிறான் சார்ங்கலன் என்ற அந்தணச் சிறுவன். செம்பஞ்சுக் குழம்பு பூசிய ஒரு பெண்ணின் பாதத்தை நரி கவ்விக்கொண்டு ஊளையிடுவதைக் கேட்கிறான். வளையணிந்த கையை நாய் கவ்வியிருக்கிறது. பிறகு ஒரு பெண்ணின் தலையைக் கையில் ஏந்தி ஆடும் பேயைக் காண்கிறான்.

இந்த இடத்தில் புலவர் செய்யும் வேலையைக் கவனியுங்கள். கூந்தலுக்கு மேகம், கண்ணுக்குக் கயல்மீன், பல்லுக்கு முத்து என்று தமிழ்க் கவிதை வழக்கமாகச் சொல்லும் உவமைகளை எல்லாம் இங்கே வரிசையாகக் கொண்டுவருகிறார். பேய்க்கு இவற்றில் ஒன்றும் பொருட்டில்லை; அது கண்ணைத் தோண்டித் தின்றுவிட்டு ஆடுகிறது. காதல் பாட்டில் இனிக்கும் சொற்கள் இங்கே குமட்டுகின்றன. அழகான உடலும் ஒருநாள் இப்படித்தான் என்ற பௌத்தக் கருத்தை, பாடம் நடத்தாமல் ஒரே காட்சியில் சொல்லிவிடுகிறார்.

சிறுவன் அலறி ஓடுகிறான். “சுடுகாட்டுப் பேய்க்கு என் உயிரைக் கொடுத்துவிட்டேன்” என்று சொல்லித் தாயின் முன் விழுந்து இறக்கிறான்.

இங்கேயே முடிந்திருந்தால் இது ஒரு நல்ல திகில் கதை. ஆனால் காதையின் முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

கோதமையின் வழக்கு

தாயின் பெயர் கோதமை. கணவனுக்குக் கண் தெரியாது. இருந்தது இந்த ஒரு மகன்தான். அவன் உடலைத் தூக்கி அணைத்துக்கொண்டு நள்ளிரவில் கோட்டத்தின் வாசலுக்கு வந்து, நகரத்தின் காவல் தெய்வமான சம்பாபதியைக் கூப்பிடுகிறாள். என் மகன் உயிரைத் தின்றது அணங்கா, பேயா என்று கேட்கிறாள்.

சம்பாபதியின் பதில் என்னைத் திகைக்க வைத்தது. அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை என்கிறது தெய்வம். சிறுவனின் அறியா மயக்கத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு அவனது ஊழ்வினைதான் உயிரைக் கொண்டுபோனது என்கிறது. அதாவது, ஒரு பேய்க்கதையின் நடுவிலேயே, கொன்றது பேய் இல்லை என்று தீர்ப்பு சொல்லப்படுகிறது.

கோதமை விடவில்லை. அப்படியானால் என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைக் கொடு. கண்ணில்லாத என் கணவனை அவன் பார்த்துக்கொள்வான் என்கிறாள். முடியாது என்கிறது தெய்வம். ஓர் உயிருக்கு ஈடாக இன்னோர் உயிர் என்பது நடக்குமானால், அரசர்களுக்காக உயிர்கொடுக்க எத்தனையோ பேர் முன்வந்திருப்பார்களே. இந்தச் சுடுகாட்டில் அரசர்களுக்கு இத்தனை நினைவுக் கோட்டங்கள் எப்படி வந்தன என்று கேட்கிறது. தெய்வங்கள் வரம் தரும் என்கிறார்களே என்று கோதமை மேலும் வழக்காட, அண்டத்திலுள்ள எல்லாத் தெய்வங்களையும் சம்பாபதி வரவழைக்கிறது. எல்லாரும் அதே பதிலைச் சொல்கிறார்கள். கோதமை மகனை ஈமத்தில் கிடத்திவிட்டுத் தானும் உயிர் விடுகிறாள். தெய்வங்கள் அனைவரும் வந்து கூடியதன் நினைவாக, மேரு மலையையும் சுற்றியுள்ள மலைகளையும் தீவுகளையும் மயன் அங்கே உருவாக்கி வைத்ததால், அந்த இடத்துக்குச் சக்கரவாளக் கோட்டம் என்று பெயர் வந்தது.

ஊரார் ‘சுடுகாடு’ என்று கூப்பிடும் இடத்தின் உண்மையான பெயர், ஒரு தாய் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது.

அதே ஆண்டில் இன்னொரு சிறுவன்

உ.வே.சாமிநாதையர் மணிமேகலையை அச்சில் கொண்டுவந்தது 1898ல். அதே 1898ல் ஹென்றி ஜேம்ஸ் எழுதிய ‘தி டர்ன் ஆஃப் த ஸ்குரூ’ வெளியானது. அதுவும் கதைக்குள் கதைதான். ஒரு பெரிய மாளிகையில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை, இறந்தவர்கள் இருவர் அங்கே வந்துபோவதாக நம்புகிறாள். கடைசியில் மைல்ஸ் என்ற சிறுவன் அவள் கைகளிலேயே இறந்துபோகிறான். அவனைக் கொன்றது பேயா, அவளுடைய பயமா என்று நூறாண்டுக்கு மேலாக வாசகர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தற்செயல்தான், இருந்தாலும், சார்ங்கலனைப் பற்றிய கேள்வியும் அதுவே அல்லவா?

‘தி வுமன் இன் பிளாக்’ நாவலிலும் நடுவில் இருப்பது ஒரு தாய்தான். பெற்ற மகனைத் தன் மகன் என்று சொல்ல முடியாமல், அவன் சதுப்பில் மூழ்குவதைப் பார்த்து நின்றவள். அவளுடைய துயரம் வஞ்சமாகிறது. இறந்த பின்னும் பிறர் குழந்தைகளைப் பறிக்கிறாள். கோதமை பிறர் உயிரைக் கேட்கவில்லை. தன் உயிரைக் கொடுக்கிறாள். இழப்பு ஒன்றே, அது போகும் வழி வேறு. அந்தக் குழந்தையறையில் கதை சொல்பவருக்குப் பயத்தோடு, தனக்கே யாரோ இறந்துபோனது போன்ற தாங்க முடியாத துக்கம் வருகிறது. என் ஆசிரியர் கேட்ட “யார் அழுதார்கள்?” என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது. நான் கதவையும் பூட்டையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாட்டி சொன்னது

தாத்தாவை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் கிடத்தியிருந்தபோது, பாட்டி ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். “என்னைக் கொண்டுபோயிருக்கக் கூடாதா?” துக்க வீட்டில் பெரியவர்கள் சொல்லும் வழக்கமான வார்த்தை என்று அப்போது நினைத்தேன். கோதமையின் வழக்கைப் படித்தபோதுதான் அது ஒரு விண்ணப்பம் என்று புரிந்தது. பாட்டி யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று இரவு தம்பியிடம் நேராகக் கேட்டேன். “பேய் வரும்னு பயமா?”

வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “தாத்தா வந்தா நான் பயந்துடுவேனோன்னு பயமா இருக்கு. நான் பயந்தா அவருக்கு வருத்தமா இருக்கும்ல?” என்றான்.

பேய்ப் படங்களை நாங்கள் வீணாகத் திட்டியிருந்தோம்.

ஓர் அத்தியாயம், முழு நூல்

அத்தியாயத்தை முழு நூலோடு இணைத்துக் காட்டு என்றுதானே கேள்வித்தாள் கேட்கிறது? ஆறாவது காதையை அப்படி இணைத்துப் பார்த்தேன். கோதமை கேட்டது உயிர். எந்தத் தெய்வத்தாலும் அதைக் கொடுக்க முடியவில்லை. பின்னர் மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைக்கிறது. அதை ஏந்தி அவள் பசித்தவர்களுக்குச் சோறு போடும் உலகவறவி என்ற பொது அம்பலம் எங்கே இருக்கிறது தெரியுமா? அதே சக்கரவாளக் கோட்டத்தில்! உணவு கொடுப்பது உயிர் கொடுப்பதற்குச் சமம் என்பதுதான் இந்தக் காப்பியத்தின் புகழ்பெற்ற கருத்து. போன உயிரைத் திருப்பித் தர முடியாது. இருக்கும் உயிரைக் காக்கலாம். பேய் ஆடிய இடத்திலேயே அடுப்பும் எரிகிறது.

துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பார்கள். தாத்தா இறந்த அன்று எங்கள் வீட்டிலும் எரியவில்லை. எதிர்வீட்டு மக்சிக் ஒரு பெரிய பாத்திரத்தில் சோறும் காய்கறிக் குழம்பும் கொண்டுவந்து, பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார். அவர் மணிமேகலை படித்தவர் அல்லர்.

தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பேய்க்கதை அத்தியாயம் ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னால், பனி, இருட்டு, ஓசை என்று பட்டியல் போடுவதோடு நிறுத்தாதீர்கள். முதலில், அந்த இடம் யாருடைய நினைவைச் சுமக்கிறது என்று பாருங்கள். அடுத்து, பேய் உண்மையா பொய்யா என்பதை ஆசிரியர் எங்கே உறுதியாகச் சொல்கிறார், எங்கே நழுவவிடுகிறார் என்று கவனியுங்கள். கடைசியாக, அந்தப் பயத்துக்குக் கீழே யார் யாரை இழந்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். அது தெரிந்துவிட்டால், பனியும் இருட்டும் ஏன் இருக்கின்றன என்பது தானாகவே விளங்கும். தமிழில் பயிற்சி வேண்டுமென்றால் ஆறாவது காதையை உரையோடு படியுங்கள். அடுத்துப் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ சிறுகதையை எடுங்கள். இரண்டும் பேயை எவ்வளவு வேறுவிதமாக நடத்துகின்றன என்று ஒப்பிட்டாலே ஒரு கட்டுரை கிடைத்துவிடும்.

தம்பிக்குச் சார்ங்கலன் கதையைப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். நரியும் நாயும் அவனுக்கு இப்போதைக்கு வேண்டாம். சம்பாபதி சொன்னதை மட்டும் சொன்னேன். “பேய் யாரையும் ஒண்ணும் பண்ணாதாம்.” அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப தாத்தா வந்தா சும்மா பாத்துட்டுப் போவாரு” என்றான்.

இப்போது தண்ணீர் குடிக்க அவனே போகிறான். விளக்கை மட்டும் போட்டுக்கொள்கிறான்.